காலைக்கும் நாளைக்கும் ஒரே சொல்

"அப்பா, எனக்கு ஒரு சுவர் வேணும்."

அவர் தட்டுக்கு மேலே ஈ விரட்டி விசிறிக்கொண்டேதான் கேட்டேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பிள்ளைகள் விசிற வேண்டும். பிறகுதான் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. இருபத்தைந்து வயது, பல்கலைக்கழகப் பட்டம், அதெல்லாம் விசிறிக்குத் தெரியாது.

ஈரப்பலாக்காய்த் துண்டைத் தேங்காய்ப்பாலில் தோய்த்த அப்பா, தோய்த்தபடியே இருந்தார். அம்மா என்னை முறைத்தாள். பதினாலு வயதிலிருந்து அவள் எனக்குச் சொல்லி வைத்திருக்கும் ஒரே சட்டம் அது. "அப்பாகிட்ட எது வேணும்னாலும் கேளு. அந்த வீட்டைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே."

அந்த வீடு என்றால் ரோட்டோரம் நிற்கிற எங்கள் புது வீடு. புது வீடு என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சிமெண்டுத் தரை, எட்டுத் தூண், மேலே தகரம். சுவர் இல்லை. சுவருக்கான கற்கள் ஒரு மூலையில் அடுக்கியிருக்கின்றன, அவற்றின் ஓட்டைகளில் செடி முளைத்துவிட்டது. கோழிகள் முட்டையிடுவது அங்கேதான். நாங்கள் பின்னால் பழைய வீட்டில் இருக்கிறோம். அதற்கும் சுவர் கிடையாது. ஆனால் அது சுவரே வேண்டாமென்று கட்டிய வீடு, தூண்களும் கூரையும்தான். மழை வந்தால் ஓலைத்தட்டியை இறக்குவோம். மற்ற நேரமெல்லாம் ரோட்டில் போகிறவர்களுக்கு நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்பது வரை தெரியும்.

"எதுக்குச் சுவர்?" என்றார் அப்பா.

"எழுதறதுக்கு."

"சுவத்துலயா எழுதப் போறே?" தூணுக்குப் பின்னாலிருந்து தம்பி பெசமினோ சிரித்தான்.

"நீ மூடு. ஒரு பக்கம் போதும்பா. ரோட்டுப் பக்கம். கல்லு இருக்கு, ஆள் இருக்கீங்க. ரெண்டு நாள் வேலை."

அப்பா துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கினார். பிறகு, நான் எதிர்பார்த்த அந்தச் சொல்லைச் சொன்னார்.

"தாயேவோ."

எங்கள் மொழியில் காலைக்கும் நாளைக்கும் ஒரே சொல். தாயேவோ. சமோவாவில் ஒருவர் தாயேவோ செய்கிறேன் என்றால் விடிந்ததும் செய்வாரா, நாளைக்குச் செய்வாரா, என்றைக்காவது ஒரு நாள் விடியும்போது செய்வாரா என்பதைக் கேட்பவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் யாரும் முடிவு செய்வதில்லை. அதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

"எந்தத் தாயேவோ?" என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். இன்னொரு துண்டு அப்படியே கிடந்தது. அவர் சாப்பாட்டை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

"சந்தோஷமா?" என்றாள் அம்மா. "படிச்சவ வாயைத் திறந்தா ஊரே பசியாறிடும்."

நான் வாயைத் திறந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின நாள்தான் விலிமைனா போன் செய்திருந்தார். அவர் தலைநகர் ஆப்பியாவில் என் ஆய்வை மேற்பார்வையிடும் பேராசிரியர். ஃபிஜிக்காரர், கோபத்தில் குரல் இறங்கும், ஏறாது.

"லாங்கி, இது மூணாவது தவணை. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. காகிதத்துல, உன் கையெழுத்தோட, அலுவலகத்துல குடுக்கணும். நாலு தாண்டிடுச்சுன்னா உன் பேரை எடுத்துடுவாங்க. நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாதும்மா."

பேரை எடுத்தால் மூன்று வருஷம் போச்சு. தண்ணீர்த்துறையில் எனக்காக வைத்திருந்த வேலையும் போகும், அவர்கள் கேட்பது அந்தப் பட்டத்தைத்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டின முதல் ஆள் நான். என் முதல் பட்டமளிப்புப் படம் பூமாலையோடு தூணில் தொங்குகிறது, பெரியப்பா செத்தபோது எடுத்த படத்துக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் ஒரே மாதிரி மாலை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும்.

ஆய்வு என்னவென்றால், தெற்குக் கரையில் ஏழு ஊர்களின் குடிதண்ணீர்த் தொட்டிகள். பழுதானவை ஏன் பழுதாகவே இருக்கின்றன என்பது கேள்வி. ஆறு ஊர்களை எழுதிவிட்டேன். ஏழாவது எங்கள் ஊர். பன்னிரண்டு பக்கம் போதும். அந்தப் பன்னிரண்டு பக்கத்துக்கு முன்னால் பதினோரு வாரமாக உட்கார்ந்திருந்தேன்.

உட்கார்ந்திருந்தேன் என்பது பொய். உட்காரவே இல்லை. பலகையை மடியில் வைத்து மடிக்கணினியைத் திறப்பேன். ரோட்டிலிருந்து யாராவது "லாங்கி, என்ன பண்றே?" என்பார்கள். பதில் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. சொன்னால் அவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தவருக்குக் கோக்கோ காய்ச்ச வேண்டும். காய்ச்சினால் சர்க்கரை தீர்ந்திருக்கும். சர்க்கரை வாங்கப் போனால் கடையில் அத்தை இருப்பாள். அத்தை என்றால் தேவாலயப் பாய் முடைகிற வேலை. நான் திரும்பி வரும்போது திரை கறுத்துப்போயிருக்கும். யாரும் கூப்பிடாத நாட்களில் நானே எழுந்தேன். முற்றத்தில் ஈரப்பலா இலை விழும் சத்தம் கேட்டால் போதும், விளக்குமாறு கையில் வந்துவிடும். ஒரு நாள் முழுக்க ஆதாரப் பட்டியலை ஊர் வாரியாக நிறம் பிரித்தேன். ஒரு நாள் எழுத்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு நாள் மின்விசிறியின் இறக்கைகளைக் கழற்றிக் கழுவினேன். மின்விசிறி எங்களுடையதுகூட இல்லை, பாதிரியார் வீட்டுடையது.

சுவர் கேட்டது வியாழன் இரவு. வெள்ளியும் சனியும் நான் வழிகள் தேடினேன். சும்மா திட்டிக்கொண்டிருக்கிறவள் இல்லை நான், திட்டிக்கொண்டே எதையாவது செய்து பார்ப்பேன். கைபேசியை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். அம்மா அரிசி எடுக்கும்போது அது அடித்து, அவள் பயந்து டின்னைக் கவிழ்த்தாள். அரிசி பொறுக்குவதில் ஒரு மணி நேரம் போனது. அந்த ஒரு மணி நேரமும் எனக்கு ஆனந்தமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு இருபத்தைந்து நிமிஷத்துக்கு அலாரம் வைத்தேன். அலாரம் எப்போது அடிக்கும் என்று பார்ப்பதிலேயே இருபத்தைந்து நிமிஷம் போனது. பெசமினோவைக் காவலுக்கு உட்காரவைத்தேன். அவன் பத்தே நிமிஷத்தில் குறட்டை விட்டான்.

"அக்கா, ஒரு சந்தேகம்," என்றான் எழுந்ததும். "ஊர்ல எல்லார்கிட்டயும் வெட்டொண்ணு துண்டு ரெண்டா பேசறே. பாதிரியாரோட பிரசங்கம் நீளம்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னே. ஒரு காகிதத்துகிட்ட மட்டும் ஏன் இப்படிப் பம்மறே?"

"ஓடிப் போடா."

அவன் ஓடவில்லை. ஆனால் நான் எழுந்து போனேன், கோழிக்குத் தீனி போட.

திங்கட்கிழமை காலை எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் ஊரில் தினமும் மாலை ஆறரைக்கு ஊரடங்கும். தேவாலயத்துக்குப் பக்கத்தில் காலி கேஸ் சிலிண்டர் ஒன்று மரத்தில் தொங்குகிறது, அதை இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். முதல் அடிக்கு எல்லோரும் வீட்டுக்குள். இரண்டாவது அடிக்கு ஜெபம். மூன்றாவது அடித்தால் முடிந்தது. நடுவில் இருபது நிமிஷம் ரோட்டில் ஆள் நடமாட்டம் கூடாது, வண்டி ஓடக்கூடாது. பெசமினோ மாதிரி இளவட்டங்கள் தடியோடு ரோட்டில் நின்று காவல் காப்பார்கள். நாள் முழுவதும் என் கை எதையாவது தேடிக்கொண்டிருந்தாலும் அந்த இருபது நிமிஷம் மட்டும் மடியில் கிடக்கும். யாரும் கூப்பிட மாட்டார்கள். நானும் எழ மாட்டேன். அந்தச் சத்தத்துக்கு உடம்பு பழகியிருக்கிறது. அப்படியானால் எனக்கென்று ஒரு சத்தம் இருந்தால்?

புது வீட்டில் பழைய சிலிண்டர் ஒன்று கிடந்தது. கயிறு கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டேன். தரையில் பாய் போட்டு, கணினியைத் திறந்து, மணி பத்தானதும் கம்பியால் ஒரு அடி அடித்தேன். எனக்காகத்தான் அடித்தேன். ஆனால் தகரக் கூரை அந்தச் சத்தத்தைப் பிடித்து ஊர் முழுக்க வீசியது.

ரோட்டில் துணிக்கூடையோடு போய்க்கொண்டிருந்த அத்தை நின்ற இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஆப்பியா போகிற பத்து மணி பஸ், பாட்டு அலறிக்கொண்டு வந்தது, எங்கள் வாசலில் நின்றது. பாட்டு நின்றது. ஓட்டுநர் தொப்பியைக் கழற்றினார். தோட்டத்துக்குப் போன இளவட்டங்கள் இடுப்புத்துணியைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்து ரோட்டில் வரிசையாக நின்றார்கள். பாதிரியார் முகத்தில் பாதிச் சவர நுரையோடு வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். சூரியன் நடு உயரத்தில் இருந்தது. இருந்தாலும் மணி அடித்தாயிற்று. அடித்தால் அடங்க வேண்டும்.

பெசமினோ தடியை ஊன்றிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றான். உதட்டை அசைக்காமல் கேட்டான்.

"அக்கா. இது என்ன?"

"நான் எழுதறதுக்குடா."

"பஸ்ல முப்பது பேர் இருக்காங்க. அவிழ்த்து விடு."

"எப்படி?"

"மூணாவது அடி அடிச்சாத்தான் முடியும்."

மூன்றாவதுக்கு முன்னால் இரண்டாவது இருக்கிறதே. வேறு வழி தெரியாமல் இரண்டாவது அடித்தேன். சுற்றிலும் எல்லா வீட்டிலும் ஜெபப்பாட்டு தொடங்கியது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் இரண்டாம் குரலில் சேர்ந்துகொண்டார்கள். பாட்டுக்கு நடுவில் மூன்றாவது அடிக்க எனக்கே துணிச்சல் வரவில்லை. நாலு சரணம் முழுக்க நின்றேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் அசையாமல் நின்றதில்லை.

அன்று பிற்பகலே ஊர்ச்சபை கூடியது. சபை வீட்டில் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு குடும்பத்தின் தலைமைப் பட்டம் பெற்றவர் உட்காருவார், அப்பாவுக்கும் ஒரு தூண் உண்டு. பெண்களுக்கு உள்ளே இடமில்லை. நானும் அம்மாவும் வெளியே புல்லில் உட்கார்ந்து கேட்டோம். சுவர் இல்லாத ஊரில் அது ஒரு வசதி.

"இயெலேமியா," என்றார் சபையில் பேசுகிற உரிமை உள்ள கிழவர், அப்பாவைப் பார்த்து. "உன் மக காலைல பத்து மணிக்குக் கர்த்தரைக் கூப்பிட்டா. அவசரமா?"

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். நான் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளைக் கண்டிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அப்பா கொஞ்ச நேரம் தரையைத் தடவினார்.

"தப்பு என் மேல," என்றார். "பொண்ணு எழுதறதுக்குச் சுவர் கேட்டா. தாயேவோன்னு சொன்னேன்."

இப்போது எல்லோரும் வெளிப்படையாகவே சிரித்தார்கள். அந்த வீட்டைத் தாண்டித்தானே பதினோரு வருஷமாகத் தேவாலயத்துக்குப் போகிறார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அவர் காது சிவந்திருந்தது பின்னாலிருந்து தெரிந்தது. அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள், வலிக்கிற மாதிரி.

அபராதம், பெரிய பன்றி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஊரே சாப்பிடும். அதற்குப் பிறகு கிழவர் இன்னொன்றும் சொன்னார். கடலில் மீன் குறைந்தால் பாறைத்திட்டில் வலை போடக்கூடாது என்று சபை தடை போடும், குச்சி நட்டு ஓலை கட்டி வைப்பார்கள், ஒருவரும் தொட மாட்டார்கள்.

"அதே மாதிரி இந்தப் பொண்ணு மேல தடை போட்டுடலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் தினம் பத்துலேர்ந்து பன்னிரண்டு. யாரும் கூப்பிடக் கூடாது, யாரும் வேலை வைக்கக் கூடாது, அப்பனும் சேர்த்து. மீறினவனுக்கு ஒரு பன்றி. என்ன, சரிதானே? அப்படியாவது எழுதி முடிக்கட்டும். இல்லேன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு அடிப்பா."

விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை புது வீட்டுத் தூணில் ஓலை கட்டியிருந்தது. மீன்களுக்குக் கட்டுகிற அதே ஓலை.

பத்து மணிக்கு அம்மா சிலிண்டரை மெதுவாக, துணி சுற்றிய கம்பியால் தட்டினாள். ரோட்டில் போனவர்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. அத்தை முகத்தைக் கூடையால் மறைத்துக்கொண்டு போனாள். கேட்டது கிடைத்துவிட்டது. சுவரைவிடப் பெரியதாகக் கிடைத்துவிட்டது. ஒரு ஊரே எனக்குச் சுவராக நின்றது.

நான் ஒரு வரியும் எழுதவில்லை.

ஒரு மணி நேரம் போயிற்று. எனக்கு வியர்த்தது. வீடு, ரோடு, அத்தை, சர்க்கரை, விசிறி என்று இவ்வளவு நாள் யார் யாரையெல்லாம் திட்டினேனோ அவர்கள் ஒருவரும் அங்கே இல்லை. நானும் முட்டையிட வந்த ஒரு கோழியும்தான். எழுந்து நடந்தேன். கற்களை எண்ணினேன். மூலைக்குப் போனேன். அங்கே சாக்கு மூடியிருந்த சிமெண்டு மூட்டைகள்மீது உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று உறைத்தது. உறைத்தது என்றால், தெரியாத விஷயம் இல்லை. தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன்.

அவை எங்கள் வீட்டு மூட்டைகள் இல்லை. ஊர்த் தொட்டியின் வெடிப்பை அடைக்க ஆறு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் கொடுத்த சிமெண்டு. தண்ணீர்க் குழுத் தலைவர் வீட்டில் இறக்கினார்கள். தலைவர் அப்பா. காகிதம் கிழிந்து போய், உள்ளே சிமெண்டு மூட்டையின் உருவத்திலேயே கல்லாகியிருந்தது, பையின் தையல் தடம் உட்பட. தொட்டி வெடித்ததிலிருந்து மேட்டிலிருக்கிற பதினோரு வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் வராது. பெண்கள் தினமும் மாலை ஊற்றிலிருந்து சுமக்கிறார்கள்.

மற்ற ஆறு ஊர்களின் தலைவர்களை நான் எப்படிக் கேட்டேன்! 'ஏன் செய்யவில்லை, தேதி சொல்லுங்கள், மூட்டை எங்கே' என்று நிற்கவைத்துக் கேட்டேன். முப்பத்தெட்டுப் பேரிடம் பேசியிருக்கிறேன். ஏழாவது ஊரின் தலைவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தினமும் அவர் தட்டுக்கு மேலே விசிறிக்கொண்டிருந்தேன்.

பெசமினோ கேட்டானே, காகிதத்திடம் ஏன் பம்முகிறாய் என்று. பம்மினது காகிதத்திடம் இல்லை.

பன்னிரண்டு அடித்ததும் பழைய வீட்டுக்குப் போய்ப் பாட்டுப் புத்தகப் பெட்டியைத் திறந்தேன். அடியில் தண்ணீர்க் குழுவின் குறிப்பேடு இருந்தது. அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. மாதம் ஒரு பக்கம். 'தொட்டி: சாவு வீடு வந்துவிட்டது, தாயேவோ.' 'தொட்டி: ஓயாத மழை, வேலை செய்ய முடியாது, தாயேவோ.' அடுத்த மாதமே, 'தொட்டி: மழை இல்லை, இப்போது காலி செய்தால் ஊர் என்ன குடிக்கும், தாயேவோ.' வெடிப்பை அடைக்கத் தொட்டியை நாலு நாள் காலியாக வைக்க வேண்டும். நாலு நாள் தண்ணீர் இல்லை என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். யாரையும் முகம் சுளிக்க வைக்கத் தெரியாத மனுஷனுக்கு அந்த நாலு நாள் ஆறு வருஷமாகிவிட்டது. அதற்குள் யார் வீட்டுக் கூரை பறந்தாலும் முதல் ஆளாக ஏறியவர் அவர்தான். அவர் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. அவசரமில்லாத எல்லா வேலையையும் அவசரமாகச் செய்தார்.

அறுபத்தெட்டுத் தாயேவோ. எண்ணினேன். அந்தக் கையெழுத்து என்னுடையதைப் போலவே இருந்தது.

புதன்கிழமை நான் எழுத ஆரம்பித்தேன். எப்படி என்று சொல்கிறேன், அழகான முறை ஒன்றுமில்லை. இருபது நிமிஷம், ஜெபத்தின் அளவு. அதற்கு மேல் என்னால் முடியாது என்று பதினோரு வாரத்தில் தெரிந்துகொண்டுவிட்டேன். நின்றுகொண்டே எழுதினேன், கல் அடுக்கின்மேல் கணினியை வைத்து. உட்கார்ந்தால்தானே எழத் தோன்றும்? முதலில் ஆங்கிலத்தில் எழுதவில்லை. என் மொழியில், அம்மாவிடம் கத்துகிற மாதிரி எழுதினேன். 'சிமெண்டு இங்கே இருக்கிறது, அதன்மேல் கோழி பேண்டு வைத்திருக்கிறது' என்பதுதான் முதல் வரி. பிறகு அதைப் படித்தவள் மாதிரி மாற்றினேன். இருபது நிமிஷம் முடிந்தால் வரி பாதியில் இருந்தாலும் விட்டுவிட்டுப் போய்க் குழாயடியில் முகம் கழுவுவேன். பாதி வரி கையைப் பிடித்து இழுக்கும், திரும்பி வந்துவிடுவேன். முழு வரியாக முடித்துவிட்டுப் போன இரண்டு தடவையும் விளக்குமாற்றைத்தான் தேடினேன்.

வியாழன் மாலைக்குள் பதினாலு பக்கம். நன்றாக இல்லை. இரண்டு இடத்தில் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன், முடிவுரை அவசரமாக முடிகிறது. திருத்தினால் நன்றாக வரும் என்று ஒரு குரல் சொன்னது, அந்தக் குரலை நான் நம்புவதில்லை. பள்ளிக்கூடத்து இயந்திரத்தில் அச்செடுத்துத் தைத்துப் பைக்குள் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது சிமெண்டு குழைக்கிற சத்தம் கேட்டது.

அப்பா புது வீட்டின் ரோட்டுப் பக்கம் முழங்காலில் உட்கார்ந்திருந்தார். எங்கிருந்தோ புது மூட்டை ஒன்று வந்திருந்தது. கற்களின் ஓட்டையிலிருந்த செடிகளைப் பிடுங்கி ஒழுங்காக அடுக்கியிருந்தார். ஒரு வரிசை முழுக்க வைத்தாயிற்று. இரண்டாவது வரிசையில் ஐந்தாவது கல்லை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். ஆப்பியா போக அன்றைக்கு இருக்கிற ஒரே பஸ் பத்து மணி பஸ்தான். மணி ஒன்பதரை. நான் பையைத் தோளில் மாட்டி நின்றேன்.

"உயரம் எவ்வளவு வேணும்?" என்றார், திரும்பாமல்.

"இப்ப எதுக்குப்பா?"

"கேட்டேல்ல."

கரண்டியால் கலவையை வழித்தார். பிறகு கேட்டார்.

"குறிப்பேட்டைப் பெட்டில தலைகீழா வச்சிருக்கே. படிச்சியா?"

"படிச்சேன்."

"என்னைப் பத்தி எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன்."

"பேரோட?"

"பேர் இல்லை. குழுத் தலைவர்னு."

"ஊருக்கு ஒரு தலைவன்தானே இருக்கான்."

"ஆமா."

ஐந்தாவது கல்லைச் சரிபார்த்துக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளினார். "மூட்டை எத்தனைன்னு எழுதியிருக்கே?"

"இருபத்திரண்டு."

"இருபத்திமூணு. ஒண்ணை உங்கம்மா துணி துவைக்கிற கல்லா போட்டிருக்கா."

அம்மா தூரத்தில் சட்டியைத் துலக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. நான் பையைத் திறந்து, ஒன்பதாம் பக்கத்தில் இரண்டை அடித்துப் பேனாவால் மூன்று என்று எழுதினேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாங்கி," என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "திங்கக்கிழமை தொட்டியைக் காலி பண்றேன். சத்தியமா. சபைல சொல்லிடறேன். ஒரு வாரத்துல தண்ணி மேட்டுக்கு ஏறிடும். அப்ப நீ எழுதினது பொய்யாயிடும்ல? நல்லதா எழுதலாமே, சரி பண்ணின ஊர்னு. உன் டீச்சர் நல்லவங்கன்னு சொல்லியிருக்கே. ஒரு வாரம் கேளு. இன்னிக்கே எதுக்குக் குடுக்கணும்? அடுத்த வாரம் நானே வண்டி பிடிச்சு உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் ஏமாற்றவில்லை. அந்த நிமிஷத்தில் அவர் அதை நம்பினார், எனக்குத் தெரியும். ஒரு வாரம். பதினாலு பக்கத்தையும் நிதானமாகத் திருத்தலாம். சுவர் எழும்பியிருக்கும். அப்பா தலை நிமிர்ந்திருப்பார். பதினோரு வாரமாக நான் தின்று வளர்ந்த இனிப்பு அது, நாக்குக்கு உடனே தெரிந்துவிட்டது.

"தொட்டியைச் சரி பண்ணுங்கப்பா," என்றேன். "பண்ணினதும் வந்து அதையும் எழுதறேன். தேதி போட்டு எழுதறேன். இன்னிக்கு இதைக் குடுத்துட்டு வரேன்."

"ஊர் படிக்குமா?"

"படிக்கும்."

அவர் ஏதோ சொல்லப் போனார். வாயைத் திறந்தும்விட்டார். அப்போது அம்மா சட்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கம்பியை எடுத்து, துணி சுற்றாமல், சிலிண்டரை ஒரே அடி அடித்தாள். மணி ஒன்பது நாற்பதுதான்.

"பத்தாச்சு," என்றாள் அப்பாவிடம். "தடை ஆரம்பிச்சாச்சு. கூப்பிட்டா ஒரு பன்னி. நம்மகிட்ட இருக்கறது இனிமே குட்டிதான்."

அப்பா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு அடுத்த கல்லை எடுத்தார். ரோட்டில் துணிக்கூடையோடு வந்த அத்தை நின்று, உட்காரலாமா வேண்டாமா என்று அம்மாவைப் பார்த்தாள்.

நான் அந்தப் புதுச் சுவரின் இரண்டு வரிசையைத் தாண்டிக் கால் வைத்தேன். முழங்கால் உயரம்தான் இருந்தது. கலவை ஈரமாக இருந்ததால் தொடாமல் தாண்டினேன். பின்னால் கரண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காது போனது. நிற்கவில்லை. பையை முன்பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன்.